நாக்கை மொழிபெயர்த்த வருடங்கள்

போன மாதம் சுகன்யா போன் செய்தாள். கோர்ட்டின் மொழிபெயர்ப்புப் பிரிவில் நான் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது அங்கே அவள்தான் மூத்தவள். பிரிவுக்குப் புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். தமிழ் வாக்குமூலத்தை உள்ளே போட்டால், ஒரு வாய் டீ குடிப்பதற்குள் ஆங்கிலத்தில் வந்துவிடுகிறதாம். வில்லியனூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மாடிப்படி ஏறி வருவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது என்று சாட்சிக் கூண்டில் சொல்லியிருக்கிறார். மாடிப்படியில் யாரோ அவருடைய நாக்கைப் பிடித்துத் தள்ளியதாக மென்பொருள் எழுதியிருக்கிறது.

இருவரும் சிரித்தோம். பிறகு, நாக்கு சம்பந்தமாக என் காலத்தில் வந்ததையெல்லாம் எழுதிக் கொடுக்க முடியுமா, புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பேருக்கும் உபயோகப்படும் என்று கேட்டாள். ஒரு பக்கத்தில் பட்டியலாக முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நாக்கு என்று எழுதியதுமே அஞ்சலையின் ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் எங்கள் பிரிவுத் தலைவி ரெஜினா மேடத்தின் ஞாபகமும்.

நான் ஏம்பலத்துக்காரன். அப்பாவுக்குக் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். பி.ஏ. ஆங்கிலம் படித்து, டைப்ரைட்டிங் இரண்டு நிலையும் பாஸ் செய்து, பரீட்சை எழுதி வேலைக்கு வந்தேன். ஆறு மாதப் பயிற்சியில் கற்றுக்கொண்டது என்று பெரிதாக ஒன்றுமில்லை. சட்டச் சொற்களுக்கு ஒரு தடித்த அகராதி கொடுத்தார்கள், அதைப் பாதி மனப்பாடம் செய்தேன், அவ்வளவுதான். உண்மையான வேலை ரெஜினா மேடத்தின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்த அன்றைக்குத்தான் தொடங்கியது.

பிரிவு முதல் மாடியில், தடித்த சுவர்கள் கொண்ட ஒரு பழைய அறையில் இருந்தது. மூன்று மேஜை, இரண்டு டைப்ரைட்டர், கூரை வரை வழக்குக் கட்டுகள். மழைக்காலத்தில் அறை முழுக்கக் கோந்தும் பழைய காகிதமும் நனைந்த வாசனை. அந்த வாசனை எங்கேயாவது இப்போது வந்தாலும் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன்.

மேடம் டவுன்காரர். வீட்டில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர். சிரிப்பு குறைவு, குரலை உயர்த்தியதும் கிடையாது. தலைப்பு எழுதாத காகிதத்தைக் கையில் வாங்க மாட்டார். என்னை முதல் நாளே ஊர் கேட்டார், அன்றிலிருந்து அவர் ஓய்வு பெறும் வரை "முசியே ஏம்பலம்" என்றுதான் கூப்பிட்டார். கேலி அல்ல. பிரெஞ்சில் ஐயா என்பதுபோல ஒரு மரியாதைச் சொல் அது. அவருக்குக் கிராமத்துப் பேச்சு சரியாகப் பிடிபடாது. பாகூரிலிருந்தும் நெட்டப்பாக்கத்திலிருந்தும் வரும் வாக்குமூலங்களில் இடறும்போதெல்லாம் என் பக்கம் திரும்பி, "முசியே ஏம்பலம், இது என்ன?" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அவர் வைத்திருந்த முறையைச் சொல்லியாக வேண்டும். மூலத்தை இடதுபக்கம் வைத்து, அதன்மேல் ஸ்டீல் ஸ்கேலை வரி வரியாக இறக்கிக்கொண்டு வரவேண்டும். ஸ்கேலுக்குக் கீழே இருப்பதைப் பார்க்கக் கூடாது. முதலில் பென்சிலில்தான் எழுத வேண்டும். சந்தேகமான சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, அதன் தமிழ் ஒலியை ஓரத்தில் குறிக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் முக்கியமான வேலை. அதற்கு அவர் வைத்த பெயர் 'திருப்பி வாசிப்பு'. எழுதியவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொள்வார். மூலத்தையே பார்க்காத இன்னொருவர் ஆங்கிலத்தை மட்டும் பார்த்து, அதை அப்படியே வாய்விட்டுத் தமிழில் சொல்வார். மூலத்துக்கும் அவர் சொன்னதற்கும் எங்கே வித்தியாசம் வருகிறதோ, அங்கே பென்சில் நிற்கும். எல்லாம் சரியான பிறகு டைப் அடித்து, 'உண்மையான மொழிபெயர்ப்பு' என்ற முத்திரையை வைத்து மேடம் கையெழுத்துப் போடுவார். முத்திரை அவருடைய கைப்பையில்தான் இருக்கும். சாப்பிடப் போகும்போதும் மேஜையில் விட்டுப் போனதில்லை.

எங்களைப் பாடாய்ப் படுத்திய சொற்களுக்கு அவர் ஓர் அட்டைப்பெட்டியில் சீட்டுகள் எழுதி அடுக்கி வைத்திருந்தார். கைக்கும் வயிற்றுக்கும் நிறையச் சீட்டுகள் உண்டு. நாக்குக்குத்தான் அதிகம். நாக்கு புரண்டான் என்றால் சொன்ன சொல் தவறினான். நாக்கு செத்துப்போச்சு என்றால் காய்ச்சலுக்குப் பிறகு ருசி தெரியவில்லை. நாக்கு நீளம், நாக்கில் சனி, கருநாக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு, எந்த வழக்கில் வந்தது என்ற குறிப்போடு.

வில்லியனூரை அடுத்த ஒரு கிராமத்துக் கோயிலில் மணியின் நாக்கைத் திருடிவிட்டார்கள் என்று ஒரு வழக்கு வந்தது. நான் ஆங்கிலத்திலும் நாக்கு என்றே எழுதினேன். மேடம் பென்சிலை நிறுத்தி, மணி பேசுமா என்று கேட்டார். அகராதியைப் புரட்டினால், ஆங்கிலக்காரனும் மணிக்கு நாக்கு உண்டு என்றுதான் சொல்கிறான். அன்று சாயங்காலம் வரை மேடம் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

இன்னொரு முறை பனித்திட்டு மீனவர் கிராமத்தில் இரண்டு படகுக்காரர்களுக்குள் சண்டை. தன் வலையில் கிடந்த நாக்கையெல்லாம் அவன் அள்ளிக்கொண்டு போய்விட்டான் என்று ஒருவர் கூண்டில் சொல்ல, புதிதாக வந்திருந்த நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நாக்கு மீன் என்று தட்டையாக ஒன்று உண்டு என்று விளக்கினேன். மாடிக்கு வந்து இதைச் சொன்னதும், அந்த மீனைப் பிரெஞ்சுக்காரர்கள் செருப்பின் அடிக்கு ஒப்பிட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றார் மேடம். "நம்ம ஆளுங்களுக்கு நாக்கு, அவங்களுக்குச் செருப்பு. மீன் ஒண்ணுதான்" என்று சொல்லி அதற்கும் ஒரு சீட்டு எழுதினார். பாகூர் ஏரியை ஒட்டிய ஒரு நிலத்தின் பழைய பிரெஞ்சுப் பத்திரத்தில், தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த குறுகலான துண்டுக்கு நாக்கு என்று எழுதியிருந்ததையும், பிரெஞ்சில் நாக்குக்கும் மொழிக்கும் ஒரே சொல்தான் என்பதையும் தெரிந்துகொண்டது அந்தப் பெட்டியின் முன்னால்தான்.

இப்படிச் சிரித்துக்கொண்டே வேலை பார்த்த வருடங்கள் அவை. நான் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தபோது அஞ்சலையின் வழக்கு வந்தது.

அஞ்சலை பாகூர்க் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்துப் பெண். நடவு வேலைக்குப் போகிறவள். அவளுடைய தங்கை செல்வி அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அஞ்சலையின் மகளுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததுண்டு என்று செல்வி பேச்சுவாக்கில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டாள். சம்பந்தம் நின்றுபோனது. அஞ்சலை நேரே தங்கை வீட்டு வாசலுக்குப் போய், தெருவே கேட்கும்படி சத்தம் போட்டுவிட்டு வந்தாள். மறுநாள் செல்வி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள்.

செல்வியின் கணவன் ஸ்டேஷனில் புகார் கொடுத்தான். தற்கொலைக்குத் தூண்டியதாக அஞ்சலையைக் கைது செய்தார்கள். அவன் பேசியதை அங்கிருந்த எழுத்தர் எழுத்துத் தமிழாக்கி எழுதியிருந்தார். அதில் ஒரு வரி: 'என் மனைவியை அவளுடைய அக்கா அஞ்சலை நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகும்படி கேட்டாள்.'

எங்கள் பக்கத்தில் இது தினமும் காதில் விழுகிற பேச்சு. காய்கறிக்காரனிடம் சண்டை போட்டுவிட்டு வந்தாலும் என் அம்மா அதையேதான் சொல்வாள். "நாக்கப் புடுங்கிக்கினு சாவுற மாரி நாலு கேள்வி கேட்டுட்டு வந்தேன்." கேட்பது என்றால் திட்டுவது. சாகிற மாதிரி என்றால் வெட்கப்பட்டுக் கூசிப் போகிற மாதிரி. யாரையும் சாகச் சொல்வது அல்ல. ஆனால் 'சாவுற மாரி' என்பதை எழுத்தர் 'சாகும்படி' ஆக்கியிருந்தார். 'சாகும்படி கேட்டாள்' என்பதை இரண்டு விதமாகவும் படிக்கலாம்.

அது கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாள். அஞ்சலையின் ஜாமீன் மனு சென்னை ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கூடவே புகாரின் சான்றிட்ட மொழிபெயர்ப்பும் போக வேண்டும். வாசலில் நாலைந்து வக்கீல்களின் குமாஸ்தாக்கள் நின்றிருந்தார்கள். மேஜையில் கட்டுகள் குவிந்து கிடந்தன. நான் ஸ்கேலை வேகமாக இறக்கிக்கொண்டே போனேன். செத்துப்போ என்று அவளைக் கேட்டுக்கொண்டாள் என்று பொருள் வரும்படி ஆங்கிலத்தில் எழுதினேன். வட்டம் போடவில்லை. மேடம் காகிதத்தை வாங்கி, திருப்பி வாசித்துவிடலாமா என்று கேட்டார். கிராமத்துப் புகார்தானே மேடம், எனக்குத் தெரியாததா என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து முத்திரையை எடுத்தார். திருப்பி வாசிக்காமல் அவர் முத்திரை வைத்ததை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

ஜாமீன் கிடைக்கவில்லை. வேறு கேசுகளின் நெருக்கடியில் எனக்கு அந்த விவரமே தெரியாது. எட்டு மாதம் கழித்து விசாரணை தொடங்கியது. நீதிபதி ஏனாம் பக்கத்துக்காரர், தெலுங்கு பேசுகிறவர். அவருக்குத் தமிழ் ஓரளவு புரியும், எங்கள் ஊர்த் தமிழ் புரியாது. சாட்சிகள் சொல்வதை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கூண்டில் அஞ்சலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். கன்னம் ஒட்டி, புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் ஓடிய ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அவளுக்குப் புரிந்திருக்காது.

செல்வியின் எதிர் வீட்டுப் பெண் சாட்சி சொல்ல வந்தாள். அன்றைக்கு என்ன நடந்தது என்று அரசு வக்கீல் கேட்டார். "வாசல்ல நின்னுகினு, நாக்கப் புடுங்கிக்கினு சாவுற மாரி கேட்டா சார்" என்றாள் அவள். வெட்கித் தலைகுனியும்படி திட்டினாள் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. அம்மாவின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் வாயில் தானாக வந்தது. நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

அரசு வக்கீல் எழுந்து, புகாரில் அப்படி இல்லையே என்றார். கையில் இருந்த காகிதத்தை நீட்டினார். சாகச் சொன்னதாகத்தான் இதில் இருக்கிறது, இந்த மன்றத்தின் முத்திரையே இருக்கிறது என்றார். நீதிபதி அதை வாங்கிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். தமிழில் இருப்பது எது என்று கேட்டார். மூலத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று வழக்கை ஒத்திவைத்தார்.

மாடிக்குப் போய்க் கட்டைப் பிரித்தேன். என் கையெழுத்தில் பென்சில் பிரதி இருந்தது. அந்த வரியில் ஒரு வட்டம்கூட இல்லை.

மேடம் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு, தப்பித்துக்கொள்ளும் வழியையும் நானே சொன்னேன். 'சாகும்படி' என்று எழுதியது ஸ்டேஷன் எழுத்தர், அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் உண்டு, ஆகவே எழுத்துப்படி என் மொழிபெயர்ப்பு தவறல்ல, இன்றைக்குச் சாட்சி சொன்னதைச் சரியாகச் சொல்லியாயிற்று, அது பதிவாகிவிட்டது, அது போதும் என்றெல்லாம் பேசினேன்.

மேடம் டிபன் பாக்ஸை மூடி, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். புகாரின் மூலத்தை என் கையில் கொடுத்தார். ஆங்கிலப் பிரதியைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, எட்டு மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தார். வரி வரியாகத் திருப்பி வாசித்தார். அந்த வரி வந்தது. "நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துப்போ என்று அவளைக் கேட்டுக்கொண்டாள்" என்று நிதானமாகத் தமிழில் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"அந்த அஞ்சலை சொன்னது இதுதானா, முசியே?"

"இல்ல மேடம்."

"அப்படின்னா எட்டு மாசமா அவ எதுக்காக உள்ள இருக்கா?"

அவர் டைப்ரைட்டரைத் தன் பக்கம் இழுத்து, நீதிபதிக்கு ஒரு கடிதத்தை அவரே அடித்தார். நாலே வரி. இந்த வரியின் மொழிபெயர்ப்பு தவறு, சரியானது இது, சரிபார்க்கும் முறை அன்று பின்பற்றப்படவில்லை, இதற்கு இந்தப் பிரிவே பொறுப்பு. கீழே என் பெயர், அதற்குக் கீழே அவர் பெயர். என் பெயரை மட்டும் போடுங்கள் மேடம், தவறு என்னுடையதுதானே என்றேன்.

"முத்திரை யாருகிட்ட இருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

நீதிபதி கடிதத்தை இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை. அந்தப் பேச்சு எப்படி வழங்குகிறது என்று விளக்கச் சொன்னார். என் அம்மா காய்கறிக்காரனைத் திட்டுவதைத்தான் உதாரணமாகச் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்தக் காய்கறிக்காரர் மறுநாளும் உங்கள் தெருவுக்கு வந்தாரா என்று கேட்டார். வந்தார் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். எங்கள் இருவரிடமும் எழுத்து மூலம் விளக்கம் கேட்டு உத்தரவு போட்டார். திருத்தப்பட்ட பிரதி சென்னைக்குப் போனது. இரண்டு வாரத்தில் அஞ்சலைக்கு ஜாமீன் கிடைத்தது. ஐப்பசி மழையில் தீர்ப்பு வந்தது. அவளை விடுதலை செய்தார்கள்.

எங்கள் இருவர் பணிப் பதிவேட்டிலும் கண்டனம் ஏறியது. எனக்கு அது பரவாயில்லை. மேடம் ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது. அதுவரை அவருடைய பதிவேட்டில் ஒரு கீறல்கூடக் கிடையாது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. 'கிராமத்துப் புகார்தானே' என்று நான் சொன்னதையும் எவரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல, "முசியே ஏம்பலம், இது என்ன?" என்று ஒரு வாக்குமூலத்தை நீட்டினார். பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துதான் அதை வாங்கினேன்.

தீர்ப்பு வந்து ஒரு மாதம் இருக்கும். மத்தியானம் அஞ்சலை மாடி ஏறி எங்கள் அறைக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் தீர்ப்பின் நகல். இலவச சட்ட உதவி வக்கீல் கொடுத்ததாம். ஆங்கிலத்தில் இருக்கிறது, படித்துச் சொல்லுங்கள், கீழே கேட்டால் இங்கே போகச் சொன்னார்கள் என்றாள். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் தயங்கி, நுனியில் உட்கார்ந்தாள்.

முதலில் நான் யார் என்பதைச் சொன்னேன். அவள் திட்டியதைச் சாகச் சொன்னதாகத் தப்பாக எழுதியவன் நான்தான், எட்டு மாதம் அவள் உள்ளே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"கோர்ட்டுல கடசியா இன்னா எழுதினாங்க? அத்தச் சொல்லு" என்றாள்.

அந்தப் பகுதியைத் தேடி எடுத்துத் தமிழில் சொன்னேன். தங்கை வெட்கப்படும்படி அக்கா கோபத்தில் திட்டினாள், சாகச் சொல்லவில்லை, சாக வேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

அவள் தலையை ஆட்டினாள். நகலை வாங்கி, எழுத்து தெரிந்தவள்போல அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நான் சொன்னது இதான் சார். ஆனா அவளுக்குப் போய்ச் சேந்தது, நீ மொதல்ல எழுதின மாரிதான்."

அவளே மேலே சொன்னாள். செல்விக்கு ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. அப்பன்காரன் வேறு கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். குழந்தையைக் கொண்டுவந்து இவள் வீட்டில் விட்டுவிட்டான். பெரியம்மா பெரியம்மா என்று ஒட்டிக்கொண்டு திரிகிறது. தீர்ப்பைக் கேட்க அவள் வந்ததற்குக் காரணம் அதுதான்.

"நாளைக்கு அது பெருசாயி, எங்கம்மாவ இன்னா சொன்னன்னு கேக்கும். நான் சொன்னத சொல்றதா, அவளுக்குப் போய்ச் சேந்தத சொல்றதா?"

நான் மேடத்தைப் பார்த்தேன். ஒரு சொல் அகப்படாதபோது பென்சிலை நிறுத்தி வைத்துக்கொண்டு யோசிப்பதைப்போல, அவர் வெகுநேரம் யோசித்தார்.

"ரெண்டையும் சொல்லு அஞ்சலை. அவ கேக்கும்போது. அதுக்கு முன்னாடி வேணாம்."

"செரி மேடம்" என்று எழுந்தாள். குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமாகிவிட்டது என்றாள். பாகூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். காட்டுகிறேன் என்று நானும் இறங்கினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தீர்ப்பு நனைந்துவிடாமல் பையை இடுப்பில் செருகி, மேலே முந்தானையைச் சுற்றிக்கொண்டாள். பஸ் வரும்வரை கூட நின்றேன்.